ஆயிரம் அடி

கப்டன் மோரிஸுக்கு எண்பது வயதாகிறதாம். வளைகுடாவில் அவரோடு வேலை செய்தவர்கள் சேர்ந்து ஒரு மலர் வெளியிடப் போகிறார்கள். ஆளுக்கு ஒரு பக்கம், இனிமையான நினைவு ஒன்றை எழுதி அனுப்பவேண்டும் என்று எனக்கும் செய்தி வந்தது. கூடவே அவரைப் பற்றி இரண்டு வரி அறிமுகம். ‘பாதுகாப்பைத் தன் உயிரைப்போல் நேசித்தவர்.’ அதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமல், “எழுதாம விடுங்களன்” என்றாள்.

எழுத உட்கார்ந்தேன். இனிமையாக ஒன்றும் வரவில்லை. வந்தது இதுதான். இதை அவர்கள் போடமாட்டார்கள். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன்.

நான் விமானியான கதையில் சொல்ல அதிகமில்லை. அப்பா மட்டக்களப்பு நகரத்தில் ஆசிரியர். வவுணதீவு வட்டையில் அம்மாவின் பேரில் இருந்த வயலை விற்றுத்தான் இரத்மலானையில் பறக்கப் பழகினேன். உரிமம் கைக்கு வந்தபோது நாட்டில் சண்டை. மட்டக்களப்பு விலாசமும் தமிழ்ப் பெயரும் உள்ள ஒருவனை விமானத்தின் முன் இருக்கையில் உட்காரவைக்க அப்போது யாருக்கும் மனம் வரவில்லை. ஒரு நேர்முகத்தில், “உங்களிடம் விமானத்தைத் தந்தால் எந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு போவீர்கள்?” என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். மற்றவர்களும் சிரித்தார்கள். வேலை வேண்டுமே என்று நானும் சிரித்தேன். வேலை கிடைக்கவில்லை, சிரித்ததுதான் மிச்சம். பிறகு ஆபிரிக்காவில் சின்ன விமானங்கள், அங்கிருந்து வளைகுடாவில் ஒரு சரக்கு விமான நிறுவனம். அங்கேதான் கப்டனானேன். அங்கேதான் டெரிக்கை மறுபடி சந்தித்தேன்.

டெரிக் என் பள்ளிக்கூடத் தோழன். மட்டக்களப்புப் பறங்கியர் குடும்பம். அவன் வீட்டில் கிழவர்கள் தங்களுக்குள் போர்த்துக்கேயம் பேசுவார்கள். எங்களோடு பேசும்போது எங்களைவிட நல்ல மட்டக்களப்புத் தமிழ் வரும். தகப்பன் இரும்பு வேலை செய்தவர். டெரிக் விமானப் பொறியியலாளர் உரிமம் எடுத்து எனக்கு முன்பே அந்த நிறுவனத்தில் சேர்ந்திருந்தான். பராமரிப்பு முடிந்த விமானம் பறக்கலாம் என்று கையெழுத்திடும் அதிகாரம் அவனுக்கு இருந்தது. முதல் நாள் ஹாங்கருக்குள் நுழைகிறேன், விமானத்தின் வயிற்றுக்குக் கீழிருந்து ஒரு குரல்:

“டேய், வாத்தியார்ட மகன்! நீயா எங்களுக்கு ஓட்ட வந்திரிக்கிற?”

அந்தப் பாலைவனத்தில் அந்தத் தமிழைக் கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் அவன் அறையில்தான் எனக்குச் சாப்பாடு. இறால் வாங்கி, ஊர் மாதிரிப் பால் விட்டுக் காய்ச்சுவான். மனைவி ஷீலா ஊரிலிருந்து அனுப்பும் மிளகாய்த்தூள் அவனிடம் எப்போதும் இருக்கும்.

இனி அந்த ஆயிரம் அடியைச் சொல்லவேண்டும். அது தெரியாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது.

முந்தியெல்லாம் இருபத்தொன்பதாயிரம் அடிக்கு மேலே விமானங்கள் ஒன்றுக்கு மேல் ஒன்று போகும்போது நடுவில் இரண்டாயிரம் அடி இடைவெளி விடுவார்கள். அந்த உயரத்தில் காற்று மெல்லியது. நாங்கள் அல்டிமீட்டர் என்று சொல்லும் உயரமானி உண்மையில் உயரத்தை அளப்பதில்லை. வெளிக் காற்றின் அமுக்கத்தை அளந்து அதை உயரமாகக் காட்டுகிறது. காற்று மெலிய மெலிய, அமுக்கத்தில் ஏற்படும் சிறு பிழையும் அடிக் கணக்கில் பெரிய பிழையாகிவிடும். பிறகு கருவிகள் திருந்தின. விமானங்களும் பெருகின. நாற்பத்தோராயிரம் அடி வரை இடைவெளியைப் பாதியாக்கி ஆயிரம் அடி போதும் என்றார்கள். ஆர்.வி.எஸ்.எம். என்று அதற்குப் பெயர். வானத்தில் பாதைகள் இரட்டிப்பாகின, எரிபொருள் மிச்சமானது, கம்பனிகள் மகிழ்ந்தன. நானும் அதைக் குறை சொல்லவில்லை. சொன்ன ஒழுங்கில் செய்தால் அது பாதுகாப்பானது.

அந்த ஒழுங்கை நான் இன்றைக்கும் நித்திரையில் சொல்லுவேன். புறப்படுமுன் விமானத்தைச் சுற்றி நடக்கும்போது மூக்குக்குச் சற்றுப் பின்னே பக்கவாட்டில் இருக்கும் சின்னத் துவாரங்களைப் பார்க்கவேண்டும். அல்டிமீட்டர் மூச்சு விடுவது அவற்றின் வழியாகத்தான். துவாரத்தைச் சுற்றியுள்ள தகடு கண்ணாடிபோல் மட்டமாக இருக்கவேண்டும். ஒரு நெளிவு, ஒரு வீக்கம் இருந்தாலும் வேகமாகப் பறக்கும்போது காற்று அந்த இடத்தில் தடுமாறி, அமுக்கம் பிழையாக உள்ளே போகும். அதனால் அந்த இடத்தைச் சுற்றி வண்ணத்தில் கோடு கிழித்துப் பெட்டி வரைந்திருப்பார்கள்; அதற்குள் ஏணியும் சாயக்கூடாது, ஆளும் சாயக்கூடாது. பிறகு உள்ளே ஏறி, விமான நிலையத்தின் அமுக்கத்தை இரண்டு அல்டிமீட்டரிலும் வைத்துப் பார்க்கவேண்டும். இரண்டும் தரையின் உயரத்தை ஏறக்குறையச் சரியாகக் காட்டவேண்டும். மேலே ஏறும்போது குறித்த உயரத்தில் எல்லோருக்கும் பொதுவான அமுக்கத்துக்கு மாற்றவேண்டும். கடைசி ஆயிரம் அடியை மெதுவாக ஏறவேண்டும், ஏறின வேகத்தில் மட்டத்தைத் தாண்டிவிடக்கூடாது. மட்டத்துக்கு வந்த பிறகு மணிக்கு ஒரு தடவையாவது கப்டன் பக்கத்து அல்டிமீட்டரையும் துணை விமானி பக்கத்து அல்டிமீட்டரையும் ஒப்பிடவேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருநூறு அடிக்கு மேல் வித்தியாசம் இருந்து, எது பிழை என்று தெரியாவிட்டால், ஒரே ஒரு வேலைதான். ரேடியோவில் தரைக் கட்டுப்பாட்டுக்குச் சொல்லவேண்டும்: ஆர்.வி.எஸ்.எம். இயலாது, கருவிக் கோளாறு.

இதைச் சொன்ன கணத்தில் உங்களுக்கு அந்த உயரத்தில் இருக்கும் உரிமை போய்விடும். இருபத்தெட்டாயிரத்துக்கு இறக்கிவிடுவார்கள். அங்கே எரிபொருள் குடிக்கும், போகவேண்டிய ஊர் எட்டாது, கம்பனிக்கு நட்டம். அதனால்தான் அந்தச் சில சொற்கள் பல விமானிகளின் தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

கப்டன் மோரிஸ் எங்கள் நிறுவனத்தின் தலைமை விமானி. சின்ன நிறுவனமானபடியால் பராமரிப்பும் அவர் சொற்படிதான். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. நீங்கள் பேசும்போது கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் மெதுவாகத் துடைப்பார். துடைத்து முடியும்வரை உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார். துடைத்து முடிந்ததும் நீங்கள் கேட்டதற்கு அல்லாமல் வேறொன்றுக்குப் பதில் சொல்லுவார். எதையும் எழுத்தில் தரமாட்டார். தோளில் கை போட்டு, “உங்கள் நல்லறிவை நம்புகிறேன்” என்பார். அந்த வார்த்தையின் அர்த்தம் எங்கள் எல்லோருக்கும் தெரியும்: நான் விரும்புவதைச் செய், பிழைத்தால் அது உன்னுடையது.

ஒரு தடவை சரக்கு ஏற்றும் வண்டி ஒன்று எங்கள் விமானத்தின் இடது பக்கத்தில் முட்டிவிட்டது. சரியாக அந்தப் பெட்டிக்கோட்டின் ஓரத்தில். தகட்டை வெட்டி, ஒட்டுப் போட்டு, வண்ணம் பூசினார்கள். இப்படியான ஒட்டுக்குப் பிறகு தகட்டின் நெளிவை அளக்கும் விசேஷக் கருவியால் அளந்து, தயாரித்த கம்பனியிடம் காட்டி, அவர்கள் சரி என்று சொன்ன பிறகுதான் ஆயிரம் அடி இடைவெளியில் பறக்கலாம். அந்தக் கருவி எங்களிடம் இல்லை, வெளியிலிருந்து வரவேண்டும். விமானம் நிற்கும் ஒவ்வொரு நாளும் நட்டம். மோரிஸ் ஹாங்கருக்கு வந்து டெரிக்கின் தோளில் கை போட்டார் என்று பிறகுதான் அறிந்தேன். தயாரிப்பாளரோடு தான் பேசிவிட்டதாகவும், கடிதம் வந்துகொண்டிருப்பதாகவும், இப்போது கையெழுத்திட்டால் போதும் என்றும் சொன்னாராம். டெரிக் கையெழுத்திட்டான்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. நான் விடுமுறை முடிந்து வந்த நேரம். கிழக்கே நெடுந்தூரம் கார் உதிரிப்பாகங்கள் கொண்டுபோகும் பயணம். காலையில் விமானத்தைச் சுற்றி நடந்தபோது புது வண்ணத்தைக் கண்டேன். பராமரிப்புப் பதிவில் டெரிக்கின் கையெழுத்து இருந்தது. எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? படியில் ஏறப்போனபோது டெரிக் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தான்.

“மச்சான், மேல போனா ரெண்டு மீட்டரையும் ஒருக்காக் கவனமாப் பாத்துக்கொள்.”

“ஏன், என்ன கிடக்கு?”

“ஒண்டும் இல்ல. சும்மாதான் சொல்லுறன். போயித்து வா.”

அவன் வழக்கமாக வழியனுப்பப் படிவரை வருகிறவன் அல்ல. அது மட்டும் மனதில் கொஞ்சம் உறுத்தியது.

துணை விமானி ரமோன், பிலிப்பைன்ஸ்காரர், நிதானமான மனிதர். தரையில் இரண்டு அல்டிமீட்டரும் ஒத்துப்போயின. ஏறினோம். மணிக்கு ஒரு தடவை பார்ப்பதை அன்றைக்கு நான் ஓயாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாதி உயரத்தில் சின்ன வித்தியாசம், அது இருக்கக்கூடியது. முப்பத்தையாயிரத்தில் மட்டமானபோது என்னுடையது சரியாக முப்பத்தையாயிரம் காட்டியது. ரமோனுடையது நூற்றெண்பது அடி கூடக் காட்டியது. விமானம் வேகம் பிடிக்கப் பிடிக்க அது கூடியது. இருநூற்றிருபது, இருநூற்றைம்பது.

“கப்டன், பார்க்கிறீர்களா?” என்றார் ரமோன்.

“பார்க்கிறேன்.”

ஒட்டு இருப்பது இடது பக்கம். என் பக்கத்துக் கருவிதான் பிழை என்று எனக்குச் சந்தேகம். ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு உயரம் அளக்க முடியாது. என்னுடையது பிழையென்றால் நாங்கள் இருப்பதாக நினைக்கும் இடத்தைவிட உயரத்தில் பறந்துகொண்டிருக்கிறோம். அதைவிடப் பெரிய சங்கடம் இன்னொன்று இருக்கிறது. எங்கள் உயரத்தைத் தரைக்கும் மற்ற விமானங்களுக்கும் அறிவிக்கிற கருவியும் அதே பிழையான காற்றைத்தான் மூச்சாக எடுக்கிறது. ஆகவே எங்கள் விமானம் பொய்யான உயரத்தை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு போகிறது. எல்லோரும் அதை நம்புகிறார்கள். யாருடைய திரையிலும் எச்சரிக்கை வராது.

நான் ஒலிவாங்கியை எடுத்துச் சொன்னேன். ஆர்.வி.எஸ்.எம். இயலாது, கருவிக் கோளாறு. அரபிக் கடலின் நடுவில் ரேடியோ இரைந்தது. பதில் இல்லை. மறுபடி சொன்னேன். மூன்றாம் முறையில் ஒரு பெண் குரல் தூரத்திலிருந்து, “கேட்டது, காத்திருங்கள்” என்றது. பக்கத்தில் இருக்கும் விமானங்களுக்குப் பொது அலைவரிசையிலும் சொன்னோம். விளக்குகள் எல்லாவற்றையும் போட்டோம்.

அப்போது ரமோன் கையை நீட்டினார். நேர் எதிரே ஒரு புள்ளி. எங்களுக்கு மேல் மட்டத்தில், முப்பத்தாறாயிரத்தில், எதிர்த்திசையில் வரும் விமானம். திரையில் அது ஆயிரம் அடி மேலே என்று ஒழுங்காகக் காட்டியது. ஆயிரம் அடி கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பது எனக்குத் தெரியும். எத்தனையோ ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். வந்த விமானம் பெருத்தது, இன்னும் பெருத்தது. அதன் வயிற்றில் சக்கரக் கதவுகளின் கோடுகள் தெரிந்தன. அது ஆயிரம் அடி இல்லை. ஒரு கணம் அதன் நிழல் எங்கள் கண்ணாடியைக் கடந்து போனது. ரமோன் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். நான் மறுபடி ஒலிவாங்கியை எடுத்துத் தரையை அழைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் இறங்க அனுமதி வந்தது. இருபத்தெட்டாயிரத்தில் போய், எரிபொருள் போதாதென்று கொழும்பில் இறக்கினேன். வரைபடத்தில் அப்போது எனக்கு வசதியாக இருந்த நிலையம் அதுதான்.

தரையில் இறங்கிக் கோளாறைப் பதிவில் எழுதிய உடனே மோரிஸின் அழைப்பு. என் நலத்தை விசாரித்தார். ரமோனின் நலத்தை விசாரித்தார். பிறகு அந்த மென்மையான குரலில் கேட்டார்:

“கொழும்பிலிருந்து உங்கள் வீட்டுக்கு எவ்வளவு தூரம்?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சொன்னேன்:

“நான் வீட்டுக்குப் போக இறக்கவில்லை, கப்டன். எதிரில் வந்த விமானத்தின் வயிற்றைப் பார்த்துவிட்டு இறக்கினேன்.”

“நான் அப்படிச் சொல்லவில்லையே. எழுதுவதற்கு முன் என்னோடு பேசியிருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். உங்கள் நல்லறிவில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.”

கொழும்பில் பொறியியலாளர்கள் சோதித்தார்கள். தரையில் எல்லாம் சரியாகவே காட்டியது. நிற்கிற விமானத்தில் காற்றுத் தடுமாறாதே. மோரிஸுக்கு அது போதும். விமானத்தை வழக்கமான உயரத்தில் கொண்டுபோகச் சொன்னார். நான் மறுத்தேன். இருபத்தெட்டாயிரத்தில், வழியில் எரிபொருள் நிரப்பி, வளைகுடாவுக்கே திரும்பக் கொண்டுபோனோம். அடுத்த மாதத்திலிருந்து எனக்குப் பயிற்சிக் கப்டன் பதவி தருவதாக இருந்தது. அந்தப் பேச்சு அதோடு நின்றது. சாப்பாட்டு அறையில் என்னைப் பார்த்து, “இன்றைக்கு வீட்டுப் பக்கம் இறங்கவில்லையா?” என்று கேலி செய்யவும் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

விஷயம் அத்தோடு அமுங்கியிருக்கும். ஆனால் அந்த எதிர் விமானத்தின் கப்டனும் முறைப்பாடு எழுதியிருந்தார். சிவில் விமானத் துறையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அளக்கும் கருவியும் வந்தது. ஒட்டுப் போட்ட தகட்டில் கண்ணுக்குப் புலப்படாத ஒரு வீக்கம் இருந்தது. பிழை என் பக்கத்தில்தான் என்பது உறுதியானது. நான் சொன்னது சரியென்று ஆகிவிட்டதே என்று அன்றைக்கு மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சியை நினைத்தால் இப்போது வெறுப்பாக இருக்கிறது.

விசாரணை அறையில் மூன்று பேர் மேசைக்குப் பின்னால். மோரிஸ் ஒரு பக்கம், டெரிக் மறுபக்கம். என்னிடம் நிறையக் கேட்டார்கள், எல்லாவற்றுக்கும் சொன்னேன். கடைசியில் நடுவில் இருந்தவர் கேட்டார்:

“புறப்படுமுன் பொறியியலாளர் உங்களிடம் ஏதாவது சொன்னாரா?”

நான் டெரிக்கைப் பார்த்தேன். அவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குள் ஒரு நம்பிக்கை வந்தது. இந்த மனிதன் எச்சரித்ததால்தான் நான் அன்றைக்குக் கண் எடுக்காமல் பார்த்தேன். நாங்கள் உயிர் தப்பியதற்கு இவன்தான் காரணம் என்று தெரிந்தால் இவனைத் தண்டிக்க மாட்டார்கள். அப்படித்தான் நினைத்தேன்.

“சொன்னார். இரண்டு அல்டிமீட்டரையும் கவனமாகப் பார்க்கச் சொன்னார். அவர் சொல்லியிராவிட்டால் நான் மணிக்கு ஒரு தடவைதான் பார்த்திருப்பேன். எதிர் விமானம் வந்தபோது தரைக்கே தெரிந்திருக்காது.”

நடுவில் இருந்தவர் டெரிக்கின் பக்கம் திரும்பினார். “அப்படியானால் உங்களுக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. சந்தேகம் இருந்தும் கையெழுத்திட்டிருக்கிறீர்கள்.”

டெரிக், மோரிஸ் சொன்னதைச் சொன்னான். தோளில் கை போட்டது, வரப்போகிற கடிதம், எல்லாவற்றையும். மோரிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். “அப்படி ஒரு உரையாடல் எனக்கு ஞாபகமில்லை” என்றார். எழுத்தில் ஒன்றும் இல்லை. கையெழுத்து ஒன்றே ஒன்றுதான், அது டெரிக்கினுடையது.

அவன் உரிமம் பறிபோனது. சாமான் கட்டும்போது அறைக்குப் போனேன். ஷீலா அனுப்பிய மிளகாய்த்தூள் போத்தல் மேசையில் இருந்தது. “இத நீ எடு” என்று என் பக்கம் தள்ளினான். அதன் பிறகு என்ன கேட்டும் பேசவில்லை. விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக வந்திருந்தேன். வாடகைக் காரில் போய்விட்டான்.

நான் அங்கேயே இருந்தேன். பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள், வேறு வழி இல்லை. பயிற்சிக் கப்டன் பதவி கடைசிவரை வரவில்லை. மோரிஸ் ஓய்வு பெற்றபோது பெரிய விருந்து. அவருக்குக் கேடயம் கொடுக்கும் படத்தில் பின்வரிசையில் நானும் நிற்கிறேன். கொரோனா வந்து விமானங்கள் தரையில் நின்றபோது என்னையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு மின்னஞ்சல், அவ்வளவுதான்.

ஊருக்கு வந்து கல்லடியில் வீடு கட்டிக்கொண்டேன். டெரிக் வாவிக் கரையில் படகு எஞ்சின் திருத்தும் கடை வைத்திருக்கிறான் என்று தெரியும். தூரத்து வாகரையிலிருந்தும் அவனிடம் எஞ்சின் கொண்டுவருவார்கள். பாலத்தைக் கடக்கும்போது கடையின் தகரக் கூரை தெரியும். வருஷக்கணக்காக அதைப் பார்த்துக்கொண்டு கடந்தேன். இரண்டு தடவை சந்தையில் எதிரே வந்தவன், என்னைக் கண்டதும் திரும்பி வேறு பக்கம் போனான்.

போன மாதம், மோரிஸின் மலர் பற்றிய செய்தி வந்த கிழமையில், மீன் சந்தையில் ஷீலா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணன், ஒருக்கா வீட்ட வாங்களன்.”

“அவன் என்னோட பேசமாட்டானே, ஷீலா.”

“அவர் உங்கள ஏசுறதும் இல்ல, உங்கட பேர எடுக்கிறதும் இல்ல. அதுதான் எனக்குப் பயமா இரிக்கு. ஏசினாலும் பரவாயில்ல, வாங்க.”

மறுநாள் பகல் போனேன். டெரிக் ஒரு படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைக் கண்டும் கையை நிறுத்தவில்லை.

“இதில இரி” என்று ஒரு பெட்டியைக் காலால் தள்ளினான்.

இருந்தேன். பாதை முழுக்கத் தயாரித்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன்.

“டெரிக், நான் உனக்கு உதவி எண்டு நினைச்சுத்தான் அண்டைக்குச் சொன்னன்.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“உன்ட முகத்தப் பாத்தா விளங்காதா? பேசாம இரிந்திருக்கலாம் நீ. ஒண்டும் சொல்லல்ல எண்டு சொல்லியிருந்தா, கவனமில்லாம கையெழுத்துப் போட்டவன் எண்டு கொஞ்ச நாள் நிப்பாட்டியிருப்பாங்க.”

“அது பொய்தானே.”

“நான் போட்ட கையெழுத்தும் பொய்தானே, மச்சான்.”

‘மச்சான்’ என்று அவன் சொன்னதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

“தெரிஞ்சிக்கொண்டு ஏன் இத்தின வருஷம் பேசாம இரிந்த? என்னக் கண்டா ஏன் திரும்பிப் போற?”

அவன் நட்டுக் கழற்றும் சாவியைக் கீழே வைத்தான். கைகளைத் துணியில் துடைத்தான். வாவியைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

“அந்த ஒட்டுப் போட்ட மறுகா, உனக்கு முதல் ரெண்டு கப்டன்மார் அத எடுத்துக்கொண்டு போனவங்க. கிட்டத்துப் பயணம்தான். எண்டாலும் மேலதான் போனவங்க. நான் அவங்களுக்கு ஒண்டும் சொல்லல்ல.”

அவன் மறுபடியும் விரல்களைத் துடைத்தான்.

“நீ எண்டபடியாத்தான் சொன்னன். வேற ஆள் எண்டா அண்டைக்கும் வாய் திறந்திருக்க மாட்டன். வேல போயிரும் எண்டு பயம். மோரிஸ் ஒரு நாய்தான். எண்டாலும் அவன் என்ட வாயப் பொத்திப் பிடிக்கல்ல. அந்த விசாரணையில இத ஒருத்தனும் கேக்கல்ல. கேட்டிருந்தா, லைசன்ஸ எடுத்தது சரி எண்டு நானே சொல்லியிருப்பன். உன்னக் கண்டா எனக்கு மத்த ரெண்டு பேரும்தான் ஞாபகம் வருவாங்க. மறுகா எப்பிடிப் பேசுற?”

ஷீலா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் அதைக் குடித்தேன். இத்தனை வருஷமாக நான் அவனுக்காக மோரிஸை வெறுத்து வந்தேன். அந்த வெறுப்பு இன்னும் அப்படியே இருக்கிறது, ஒரு துளியும் குறையவில்லை. ஆனால் என்னைக் காப்பாற்றிய வார்த்தை, நான் அவன் தோழன் என்பதால் மட்டும் எனக்குக் கிடைத்தது என்பதை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. அவனைக் கட்டிப்பிடிக்கவும் தோன்றியது, அறையவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல், “வாறன், டெரிக்” என்று எழுந்தேன்.

“ஓம். வா.”

அந்த இரண்டு கப்டன்மாரில் ஒருவர் இறந்துவிட்டார், நோயில். மற்றவர் தன் நாட்டில் ஓய்வாக இருக்கிறார். நல்ல மனிதர். ஒவ்வொரு நத்தார் பண்டிகைக்கும் பேரப்பிள்ளைகளின் படத்தோடு எனக்கு வாழ்த்து அனுப்புவார். டெரிக்கை நான் பார்த்துவந்த சில நாட்களில் இந்த வருஷத்து வாழ்த்தும் வந்தது. புதிதாக ஒரு பேத்தி பிறந்திருக்கிறாள். அவர் மடியில் அவளை வைத்துக்கொண்டு சிரிக்கிறார். அவரிடம் சொல்லலாமா என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் இருந்தேன். பிறகு, பிள்ளை அழகாக இருக்கிறாள் என்று எழுதி அனுப்பினேன்.